சந்தனம் பூசிய சக்கரக் கட்டை

நம் வயதுக்காரர்களுக்கு எதையாவது படிக்க வேண்டுமென்றால் முதலில் கண்ணாடியைத் தேட வேண்டும். தேடி எடுத்து, துடைத்து, போட்டுக்கொள்வதற்குள் படிக்கும் ஆசையே போய்விடுகிறது. ஆனால் என் கடைசி மகன் சாப்பாட்டு மேசையில் வீசிவிட்டுப் போன புத்தகம் மட்டும் கண்ணாடி இல்லாமலே எனக்குப் புரிந்தது. அவன் மலைமேல் திரிங்காப் என்ற ஊரில் ஒரு காய்கறித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறான். தோட்டத்து முதலாளி அவனை இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பியிருந்தார். அங்கே கொடுத்த புத்தகம். அட்டையில் ஒரு டிராக்டர், அதன் பின் சக்கரத்தை ஒட்டி மஞ்சள் நிறத்தில் ஓர் ஆப்பு. சரிவில் நிறுத்தினால் அதை வைக்காமல் வேலை செய்யக் கூடாதாம்.

"இதுக்கா ரெண்டு நாள் கிளாஸ்?" என்று கேட்டேன்.

"போர் லா மா. நான் பின்னால உக்காந்து தூங்கிட்டேன்" என்றான்.

அவனைத் திட்ட வாய் வந்தது, திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டும். அன்று சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. உங்களில் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லப் போவதில் பாதி தெரிந்தே இருக்கும். மீதிப் பாதியை இத்தனை வருஷத்தில் நான் இரண்டே பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா எங்கள் தேயிலை எஸ்டேட்டின் டிராக்டர் டிரைவர். மலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாகப் பின்வண்டியில் ஏற்றி, கீழே பேக்டரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. சிவப்பு டிராக்டர். சிவப்பு என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்வோம். பாதிக்கு மேல் துருவும் செம்மண்ணும்தான்.

அப்பா மென்மையான மனிதர் இல்லை. வீட்டில் சட்டையைத் தேடினாலும் கத்துவார், சோறு சூடாக இருந்தாலும் கத்துவார். ஆனால் டிராக்டர் பக்கம் போனால் ஆள் மாறிவிடுவார். காலையில் பனி விலகும் முன்பே அவர் வண்டியைச் சுற்றி வருவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பார். ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸ் அடிப்பார். டீசல் வடிகட்டும் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் நின்றால் திறந்து விடுவார். டிராக்டருக்கு வலது கால் பக்கம் இரண்டு பிரேக் மிதிகள் இருக்கும், உங்களுக்குத் தெரியும். பாதையில் ஓடும்போது இரண்டையும் ஒரு கொக்கியால் சேர்த்து மாட்ட வேண்டும். மாட்டாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்று பள்ளத்தைப் பார்த்துப் போய்விடும். அந்தக் கொக்கியை அவர் மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பார். மட்கார்டில் யாரையும் உட்கார விடமாட்டார். கங்காணியே ஒருநாள் ஏறி உட்கார்ந்தபோது, அப்பா இன்ஜினை அணைத்துவிட்டுக் கைகட்டிக்கொண்டு நின்றாராம். கங்காணி இறங்கி நடந்துதான் போனார்.

கட்டைக்கு வருகிறேன். பேக்டரியில் பழைய உத்திரம் ஒன்றைக் கழற்றிப் போட்டபோது, அதிலிருந்து அப்பா ஒரு துண்டை ஆப்பு மாதிரி அறுத்து எடுத்திருந்தார். என் இரண்டு கையாலும் தூக்கினால்தான் தூக்க முடியும். ஒரு பக்கம் துளை போட்டுக் கயிறு கட்டி, டிராக்டர் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி வைப்பார். மலையில் வண்டி நின்றால் அந்தக் கட்டை சக்கரத்துக்குப் பின்னால் போய்விடும். மற்ற டிரைவர்கள் கல்லைப் பொறுக்கி வைப்பார்கள். அப்பாவுக்குக் கல்லில் நம்பிக்கை கிடையாது.

அந்த வருஷம் கட்டை இல்லாமல் வண்டி நிற்காது என்ற நிலைமை. கைபிரேக்கின் பல் தேய்ந்து போயிருந்தது. இழுத்துப் போட்டால் கொஞ்ச நேரம் பிடிக்கும், பிறகு தானாகக் கழன்று கொள்ளும். பேட்டரியும் செத்துக்கொண்டிருந்தது. மலையில் இன்ஜினை அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது என்பதால், மூட்டை ஏற்றும்போது இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். இன்ஜின் ஓடும்போது வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது அல்லவா? ஆக, கைபிரேக்கும் கட்டையும்தான் துணை. கைபிரேக்கை மாற்றச் சொல்லி அப்பா ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை நானும் கூடப் போயிருந்தேன்.

"சொல்லியாச்சு, சொல்லியாச்சு. ஈப்போல சாமான் இல்லையாம். வந்தா போடுவோம் லா" என்றார் கிராணி.

"மழைக்காலம் வருது ஐயா."

"மழை வருஷா வருஷம்தான் வருது."

அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தினார். கிராணியிடம் கத்த முடியாததெல்லாம் அம்மாவிடம்தான் வரும்.

நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தானா ராத்தா டவுனில் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறவர்கள். ஆனாலும் ஆயுத பூசை அன்று எஸ்டேட் டிராக்டர் லயத்து மாரியம்மன் கோயிலுக்கு முன்னால்தான் நிற்கும். டிராக்டருக்கு என்ன மதம்? அப்பா அதை ஓட்டிக்கொண்டு வந்து விடுவார், சந்தனம் வைக்க விடுவார், சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து நசுக்கவும் செய்வார். பங்குச் சாமியார் காதுக்குப் போனால் போகட்டும் என்பார். ஆனால் கொஞ்சம் ஒதுங்கி, கையைக் கூப்பாமல் கட்டிக்கொண்டு நிற்பார். கோயிலுக்குள் தனக்கு இடம் இல்லை என்பதும், வெளியே மரியாதை உண்டு என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த வருஷப் பூசைக்கு முந்தின நாள் மதியம் கொட்டிய மழையில் எட்டாம் நம்பர் மலைப் பாதை சேறாகி, டிராக்டர் ஏற முடியவில்லை. பறித்த கொழுந்து மலைமேல் நிறுவைக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. அன்று இரவு அப்பா அதைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. மறுநாள் பூசை என்ற சந்தோஷம் எங்களுக்கு.

காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு, "சாமானெல்லாம் கழுவிக் கொண்டுபோய்க் குடு" என்றார். ஸ்பேனர்கள், சுத்தியல், ஜாக்கி, கிரீஸ் அடிக்கும் குழாய், நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குப்பி. எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவினேன். அந்த மண்ணெண்ணெய் வாசமும் குளிர்ந்த தண்ணீரில் விரல் மரத்துப் போனதும் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பிறகு என் கண்ணில் கட்டை பட்டது. அப்பாவுக்கு அதைவிட முக்கியமான சாமான் உண்டா? கொக்கியிலிருந்து கழற்றி, செங்கல் தூளால் தேய்த்து, மரம் தெரிகிற அளவுக்கு வெளுக்க வைத்தேன். கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய், சாமி படத்துக்கு முன்னால் நடுவில் வைத்தேன். யாரோ அதற்கு மூன்று விரலால் சந்தனம் இழுத்து, குங்குமம் வைத்தார்கள். எனக்கு எவ்வளவு பெருமை!

பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலை பூசை முடியும்வரை தொடக் கூடாது. எங்கள் லயத்தில் வேதக்காரப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். அன்று ஊசியைக்கூட எடுக்க மாட்டோம்.

சூடம் காட்டி, எலுமிச்சை நசுக்கி, சுண்டல் கொடுக்க ஆரம்பிக்கும்போது கிராணி வந்தார்.

"டிரைவர், ஒரு நடை எட்டாம் நம்பருக்குப் போயிட்டு வந்துரு. கொழுந்து சூடேறிக் கெடக்கு. செவந்து போச்சுன்னா துரை என்னையத்தான் கேப்பாரு."

"இன்னிக்கு லீவுல்ல ஐயா? ஆளும் இல்லையே."

"ரெண்டு மூணு பேரக் கூப்பிட்டுக்க. ஒரு நடைதான் லா."

மூட்டை ஏற்ற இரண்டு ஆண்கள் வந்தார்கள். மூன்றாவதாக வந்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சொந்தம் ஒன்றும் இல்லை, அப்பாவை விடக் கொஞ்சம் மூத்தவர் என்பதால் பெரியம்மா. கொழுந்து பறிப்பவர். ஆளைப் பார்த்தால் ஒல்லி, மூட்டையைத் தூக்கினால் ஆம்பளை மாதிரி தூக்குவார். யாராவது உதவி கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி. அவர்கள் பின்வண்டியில் ஏறிக்கொள்ள, மாலை போட்ட டிராக்டர் மலை ஏறிப் போனது.

ஒரு மணி நேரம் போயிருக்கும், நான் கோயில் முன்னால் உட்கார்ந்து இரண்டாம் தடவை வாங்கிய சுண்டலைத் தின்றுகொண்டிருந்தேன். காகிதத்தில் கால்வாசி மிச்சமிருக்கும்போது மேலே இருந்து ஒருவர் ஓடி வந்தார். வண்டி பின்னால் உருண்டுவிட்டது, பெரியம்மா காலில் சக்கரம் ஏறிவிட்டது என்றார். அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பி, சாமி படத்தைப் பார்த்தேன். கட்டை சந்தனத்தோடு அங்கேயே இருந்தது. சுண்டலைக் கீழே போட்டுவிட்டேன்.

நடந்தது பிறகு தெரிந்தது. அப்பா பின்வண்டிச் சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்திருக்கிறார். ஆள் குறைவு என்பதால் அவரும் இறங்கி மூட்டை தூக்கியிருக்கிறார். மூட்டை ஏற ஏற பாரம் கூடி, நனைந்த மண்ணில் கல் நழுவி, கைபிரேக்கும் கழன்றுவிட்டது. பின்னால் நின்ற பெரியம்மா மூட்டையைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். வண்டி வருவதை அவரால் பார்க்க முடியவில்லை. எஸ்டேட் ஜீப்பில் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

துரை ஆபீசில் விசாரணை. எங்கள் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே ஆபீஸ் ஜன்னல் இருக்கும், அதன் வழியாக அப்பா நிற்பதைப் பார்த்தேன். சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னார்.

"கட்டை எங்கன்னு கேட்டாங்க. மறந்துட்டேன்னு சொல்லிட்டேன்."

"கைபிரேக் சொன்னத சொன்னீங்களா?"

"கிராணி பக்கத்துல நிக்கிறான். சொல்லி என்ன ஆவப் போவுது?"

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்காகத்தான் பொய் சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதாக நினைத்துக்கொண்டேன். டிராக்டர் சாவியை வாங்கிக்கொண்டு அப்பாவை மருந்தடிக்கும் கும்பலில் போட்டார்கள். முதுகில் மருந்து டின்னைச் சுமந்துகொண்டு, தான் ஓட்டிய டிராக்டருக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கி நிற்பார். வீட்டில் கத்துவதை நிறுத்திவிட்டார். கத்தினால் தேவலை என்று இருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வேதக்காரன் கையால் எலுமிச்சை நசுக்கினதால் மாரியம்மனுக்குக் கோபம் என்றார்கள் மேல் லயத்தில். இரும்புக்குச் சந்தனம் பூசினதற்கு ஆண்டவர் கொடுத்த அடி என்றார் ஜெபம் சொல்ல வந்தவர். இரண்டு பக்கமும் சாமியை இழுத்தார்கள். தேய்ந்துபோன கைபிரேக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அடுத்த மாதமே ஈப்போவிலிருந்து புது சாமான் வந்தது, புது டிரைவருக்கு மாட்டினார்கள்.

பெரியம்மா வீடு திரும்பிய பிறகு, தினமும் பைப்பிலிருந்து இரண்டு வாளி தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் அவர் வீட்டில் ஊற்றினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. "பாப்பாவுக்குத்தான் என் மேல எம்புட்டுப் பாசம்" என்று என் தலையைத் தடவுவார். தடவும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் அப்பா துரையிடம் பொய் சொன்னது வெளியே வந்துவிடுமே என்று வாயை மூடிக்கொள்வேன். கல்யாணமாகி வெளியே போகும்வரை தண்ணீர் சுமந்தேன்.

வருஷங்கள் ஓடியதைச் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு ஓடியது மாதிரிதான் எனக்கும் ஓடியது. அப்பா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தார். ஒரு பள்ளி விடுமுறையில் மகனின் வேனில் கியா பார்ம் வழியாகப் போனோம். சுற்றுலாக் கூட்டம், வண்டி நகரவில்லை. முன்னால் ஒரு முட்டைக்கோஸ் லாரி, ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. கிளீனர் குதித்து இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மரத்துண்டைத் தள்ளினான். நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்பா, அந்தக் கட்டைய சாமிகிட்ட வச்சது நான்தான்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எந்தக் கட்டைய?"

"டிராக்டர் கட்டைய. ஆயுத பூசை அன்னிக்கு."

அப்பா மெதுவாகத் திரும்பினார். "நீயா வச்ச? கங்காணி வச்சான்னுல்ல இத்தன நாளா நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப எனக்காகத்தான மறந்துட்டேன்னு சொன்னீங்க?"

"ஒனக்காகவா? ஒனக்கு இதுல என்ன இருக்கு, சின்னப் புள்ள." "நான் மறக்கல மா. கெளம்பும்போது கொக்கியப் பாத்தேன், கட்டை இல்ல. திரும்பினா படத்துக்கு முன்னால இருக்கு. எடுக்கத்தான் போனேன். அத்தன பேரும் நிக்கிறாங்க. பூசையில வச்ச சாமான வேதக்காரன் தூக்கிட்டுப் போறான்னு ஒரு பேச்சு வந்துருமேன்னு கைய இழுத்துக்கிட்டேன். ஒரு நடைதான, கல்ல வச்சிக்குவோம்னு போயிட்டேன்."

கல்லில் நம்பிக்கை இல்லாத மனிதர். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் காப்பாற்றியவர் என்று நாற்பது வருஷத்துக்கு மேல் நன்றியோடு சோறு போட்டிருக்கிறேன். அவரோ தன் பாரத்தைத்தான் சுமந்திருக்கிறார். பிறகு லாரி நகர, கிளீனர் மரத்துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்காததைப் பார்த்தேன், கோபம் போய்விட்டது. அதன்பின் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

பெரியம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தானா ராத்தாவில் மகள் வீட்டில்தான் இருந்தார். பஸ்ஸில் கால் மணி நேரம். முழங்கால் வலிக்கிறது என்பேன், மழை என்பேன். அவர்பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறார், பழையதைக் கிளறுவானேன் என்றும் நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு வசதியாகவும் இருந்தது.

இரண்டு வாரத்துக்கு முன் பெரியம்மா இறந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு, பின்கட்டில் அவர் மகள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து துடைத்துக் கொடுத்தேன். பேச்சு பெரியம்மாவின் காலைப் பற்றி வந்தது.

"அம்மா ஒன்னு சொல்லுவாங்க அக்கா. அந்தப் பூசை அன்னிக்கு அவங்க வீட்டுக்கு வெலக்கா இருந்தாங்களாம், மாசத் தீட்டு. யாருகிட்டயும் சொல்லாம கோயிலுக்கு வந்துட்டாங்களாம். வந்து டிராக்டருக்கு மால வேற கட்டி விட்டாங்களாம். அதான் அம்மன் கால எடுத்துக்கிச்சு, ஒங்க அப்பா பொழப்பும் போச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க."

நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"அதுக்கப்புறம் கோயில் படியே ஏறுனதில்ல. என் கல்யாணத்துக்குக்கூட வெளியதான இருந்தாங்க, நீங்க பாத்திருப்பீங்களே."

பார்த்தேன். கால் முடியாமல் வெளியே நிற்கிறார் என்று நினைத்து, நான்தான் நாற்காலி கொண்டுபோய்ப் போட்டேன். உள்ளே மகளுக்குத் தாலி ஏறிக்கொண்டிருந்தது. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாயிரு பாப்பா" என்றார்.

அங்கேயே எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். கட்டையை நான் கழுவி வைத்ததை, அப்பா பார்த்தும் எடுக்காமல் போனதை, கைபிரேக்கை, பேட்டரியை, கிராணி சொன்னதை. சொல்லும்போது அழக்கூட வரவில்லை, அவ்வளவு அலுப்பு. அவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் காது நல்லாத்தான் கேட்டுச்சு, அக்கா" என்றாள்.